பராமரிப்பவர் பாட்டு: மணிலாவில் பார்த்த ஓர் இசை நாடகம்

மலர்க் குழுவினர் வழக்கம்போல இந்த ஆண்டும் அடியேனிடம் கட்டுரை கேட்டார்கள். நீலகேசி, மேருமந்தர புராணம் என்று ஏதாவது எழுதித் தருவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை ஒரு நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் தமிழ் நாடகம் அல்ல, பிலிப்பைன்ஸ் நாட்டு நாடகம்.

மும்பையில் கடலைத் தரகு செய்கிறவனுக்கும் அந்நாட்டு நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் கடலையில்தான் இருக்கிறது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், வேர்க்கடலையை நாங்கள் மணிலாக்கொட்டை என்போம். பேச்சில் அது மல்லாட்டை ஆகிவிடும். அந்தப் பெயரிலேயே மணிலா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று சரக்கு எதிர்த்திசையில் போகிறது. நம் நாட்டுக் கடலை கப்பலேறி மணிலா போய் இறங்குகிறது. அந்த வியாபார விஷயமாக 2011ல் அங்கே போயிருந்தபோது, சரக்கு எடுக்கும் சிந்தி நண்பர் ஒருவர் என்னை இந்த நாடகத்துக்குக் கூட்டிப் போனார். பெயர் 'கேர் டிவாஸ்'. பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுதியே தீரவேண்டும் என்ற எண்ணம் 2023 அக்டோபருக்குப் பிறகுதான் வலுத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நாடகமும் நடத்தியவர்களும்

இதை மேடையேற்றிய குழு 'பெட்டா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிலிப்பைன்ஸ் கல்வி நாடகச் சங்கம். 1967ல் செசில் கிடோட்டே என்ற பெண்மணி தொடங்கியது. 1972ல் மார்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்த பிறகு அவர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. ஆனாலும் குழு கலையவில்லை. இன்று மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில் சொந்த அரங்கம் வைத்திருக்கிறது. 'கேர் டிவாஸ்' நாடகத்தை எழுதியவர் லிசா மக்தோத்தோ, இயக்கியவர் மரிபெல் லெகார்தா, இசை வின்சென்ட் டி ஹெசூஸ்.

பாட்டும் பேச்சும் கலந்த நாடகம் அந்நாட்டுக்குப் புதிதல்ல. ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த 'சர்சுவேலா' என்ற இசை நாடகம் 19ஆம் நூற்றாண்டில் அங்கே வேரூன்றியது. செவெரினோ ரேயெஸ் எழுதிய புகழ்பெற்ற தகலோக் மொழி சர்சுவேலா 1902ல் மேடையேறியது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் சங்கரதாஸ் சுவாமிகளும் பாட்டு நாடகங்களை எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். நம் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டுப் பெயர் வாங்கிய ஆண் நடிகர்கள் எத்தனை பேர்! அந்த நினைவோடு உட்கார்ந்தால் இந்த நாடகம் நமக்கு அன்னியமாகத் தோன்றாது.

மொழி எனக்குத் தெரியாது. நண்பரின் மகன் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனாலும் சில சொற்கள் தானாகவே காதில் விழுந்தன. அவர்களுக்கு முகம் 'முகா', நம்பிக்கை 'ஆசா', ஆசிரியர் 'குரோ', ஏழை 'துகா'. எல்லாம் சமஸ்கிருதம் கடல் கடந்து போட்ட விதைகள். துக்கம் என்ற சொல்லே அங்கே ஏழையைக் குறிக்கும் சொல்லாகி நின்றது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இன்னொன்று, சிரிக்காமல் படிக்கவும்: அவர்கள் மொழியில் 'ஹிந்தி' என்றால் 'இல்லை' என்று பொருள்.

கதை

ஐந்து பேர். எல்லோரும் பிலிப்பைன்ஸிலிருந்து இஸ்ரேலின் டெல் அவிவ் நகருக்குப் பிழைக்க வந்தவர்கள். பகலில் யூத முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரவில் ஜிகினா உடையும் பொய்முடியும் அணிந்து கேளிக்கை விடுதியில் ஆடிப் பாடுகிறார்கள். ஐவரும் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள். நம் வழக்கில் திருநங்கையர். செல்சி என்ற பாத்திரம் ஐசக் என்ற முதியவரைப் பார்த்துக்கொள்கிறது. பாலஸ்தீனப் பின்புலம் கொண்ட பராஜ் என்ற இளைஞனோடு அவளுக்குக் காதல் வருகிறது. அந்த மண்ணில் அந்தக் காதல் எவ்வளவு ஆபத்தானது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனை அல்ல. இஸ்ரேலிய இயக்குநர் டோமர் ஹைமன் 2006ல் வெளியிட்ட 'பேப்பர் டால்ஸ்' என்ற ஆவணப்படம் இப்படி வாழ்ந்த மெய்யான மனிதர்களைக் காட்டியது. நாடகத்தின் வித்து அங்கே இருக்கிறது.

அரசாங்கமும் கதைக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் பராமரிப்புத் தொழிலாளியின் விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. அந்த முதியவர் கண்ணை மூடினால் இவளுடைய விசாவும் கண்ணை மூடிவிடும். அன்று மாலையே அவள் சட்டவிரோதக் குடியேறி. 2002ல் குடியேற்றத்துக்கென்றே தனிப் போலீஸ் வேறு ஏற்படுத்தினார்கள். இந்தக் கட்டு முறை தவறு என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே 2006ல் தீர்ப்புச் சொன்னது. நாடகத்தில் முதியவரின் உடம்பு சற்றுத் தளர்ந்தாலும் நமக்குப் பதறுகிறது. ஒரு உயிருக்காகப் பதறுகிறோமா, ஒரு விசாவுக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. பராமரிப்பவளுக்கும் பிரிக்க முடியாது. இந்த இடத்தில்தான் நாடகாசிரியர் ஜெயிக்கிறார்.

போனவள் பாடும் பாட்டு

பிரிவைப் பாடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. பொருள் தேடப் பிரிவதற்கென்றே நம் முன்னோர் ஒரு துறை வைத்தார்கள். பாலைத் திணை முழுவதும் அதன் வெப்பம்தான். வழியில் போகிற தலைவன் தன் நெஞ்சோடு பேசுவான், வீட்டில் இருக்கிற தலைவி தோழியோடு பேசுவாள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் சொல்கிறது. தலைவனோடு உடன்போக்குப் போன தலைவி உண்டு. தானே பொருள் தேடிக் கடல் கடந்து போன தலைவிக்கு நம் இலக்கணத்தில் துறையே இல்லை.

பிலிப்பைன்ஸில் அந்தத் துறையை அரசாங்கமே திறந்துவிட்டது. 1974ல் மார்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கொள்கையாகவே ஆக்கியது. 1988ல் அதிபர் கொரசோன் அக்கினோ ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் தம் நாட்டுப் பெண்களைப் பார்த்து, நீங்கள் புதிய வீரர்கள் என்றார். 1995ல் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொதித்தது. அதன் பிறகே வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்தது. 2023ல் வங்கிகள் வழியாக அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல்.

'வீரர்' என்ற பட்டத்தை இந்த நாடகம் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. அதன் நாயகிகள் பொய் சொல்வார்கள், பொறாமைப்படுவார்கள், ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி கேலி செய்வார்கள். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் ஒரு நையாண்டியைப் போட்டு மேலே போவார்கள். அரங்கம் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மாள் விசும்பும் சத்தம் கேட்டது. அந்த ஊரில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு என்று நண்பர் பிறகு சொன்னார். அவர்கள் வீட்டுக் கதையைத்தான் மேடையில் பார்த்துச் சிரித்தார்கள், அழுதார்கள்.

ஊர்ப்பெயர் தொழிற்பெயர் ஆவது

வெளியூர்த் தமிழரான நமக்கு உறைக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இஸ்ரேலில் 'பிலிப்பினித்' என்றால் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் என்று பொருள். நாளடைவில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரிக்கே அது பெயராகிவிட்டது. ஒரு தேசத்தின் பெயர் ஒரு வேலையின் பெயராகச் சுருங்கிவிட்டது.

பிலிப்பைன்ஸ்காரர்களும் சளைத்தவர்களல்ல. அங்கே இந்தியன் என்றால் 'பும்பாய்'. நம் பம்பாய்தான்! பும்பாய் என்றால் தெருத்தெருவாக வண்டியில் போய் வட்டிக்கு விடுகிறவன். ஐந்து கொடுத்து ஆறு வாங்குகிறவன் என்பதால் அந்தத் தொழிலுக்கே 'ஐந்து ஆறு' என்று பெயர். பஞ்சாபிகள் செய்த தொழிலின் பெயர், மும்பையிலிருந்து போன இந்த வந்தவாசிக்காரன் தலையிலும் விழுந்தது. நான் கோபப்படவில்லை. 'மதராசி' என்ற சொல்லை முப்பத்தைந்து வருஷம் கேட்டவனுக்கு இது பழகிய பாட்டு. 1960களின் இறுதியில் இந்த நகரத்தில் அச்சொல் எப்படி ஒலித்தது என்பதை நம் சங்கத்து மூத்தவர்கள் அறிவார்கள்.

பெயரை இழந்து தொழிலாக மட்டும் பார்க்கப்படுகிற மனிதன், இரவிலாவது தனக்கென்று ஒரு பெயரையும் வேஷத்தையும் சூடிக்கொள்ள ஆசைப்படுவான். அந்த ஜிகினா உடையை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். அதை வெறும் கூத்தாகப் பார்த்தால் பாதி நாடகத்தைத் தவறவிடுவோம்.

தொடுதலும் உவர்ப்பின்மையும்

குடும்பங்கள் படிக்கும் மலரில் திருநங்கையர் நாடகமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்குப் பழைய நூல்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் 'பேடு' ஒன்று. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தவரை உயர்திணையில் வைத்தே சொல்லிலக்கணம் கூறுகிறார். சமண நூல்கள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. உடம்பால் அமையும் பாலைத் திரவிய வேதம் என்றும், உள்ளத்தில் தோன்றும் பால் உணர்வைப் பாவ வேதம் என்றும் பிரித்து, இரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும், சிலரிடம் மாறியும் இருக்கும் என்று சொல்கின்றன. கோம்மடசாரம் எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆகிறது. 2008ல் தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தபோது பலர் இதைப் புதுமை என்றார்கள். சிந்தனை பழையது, வாரியம்தான் புதிது.

இனி நாடகத்தின் மையத்துக்கு வருகிறேன். வைதீக யூதர்களிடம் ஓர் ஆசாரம் உண்டு. மனைவியோ நெருங்கிய உறவோ அல்லாத பெண் ஆடவனைத் தொடக்கூடாது. ஆகவே கிழவரைக் குளிப்பாட்ட ஆண் ஆள்தான் வேண்டும். இவர்கள் பாஸ்போர்ட்டில் ஆண். அதனால் வேலை கிடைத்தது. ஆனால் பெற்ற மகள் காட்டுகிற பரிவை இவர்களிடம் கண்டதால்தான் அந்த முதியவர்கள் இவர்களை விடவில்லை. 'பேப்பர் டால்ஸ்' படத்தில் இதை நேராகவே காணலாம். காகிதத்தில் மகன், கைப்பக்குவத்தில் மகள். சட்டமும் ஆசாரமும் உடம்பைப் பார்த்தன. படுக்கையில் கிடந்தவர் மட்டும் உள்ளத்தைப் பார்த்தார்.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் சொல்கின்றன. மூன்றாவது உவர்ப்பின்மை, அதாவது அருவருப்புக் கொள்ளாமை. அதற்கு உத்தாயன மன்னன் கதையைச் சொல்வார்கள். நோய்பிடித்த முனிவர் வேடத்தில் ஒரு தேவன் வந்து, உண்டதையெல்லாம் மன்னன் முன்பே கக்கிவிடுகிறான். நாற்றம் தாங்காமல் மற்றவர் ஓட, மன்னனும் அரசியும் தம் கையாலேயே கழுவித் துடைக்கிறார்கள். நோயுற்றவருக்குப் பணிவிடை செய்வதை வையாவிருத்தியம் என்று பெயரிட்டு அகத்தவம் ஆறில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

உத்தாயனன் அதை ஒரு நாள் செய்தான், புராணத்தில் இடம்பிடித்தான். நாடகத்தின் ஐவரும் அதைத் தினந்தோறும் செய்கிறார்கள், மாதச் சம்பளத்துக்கு. சம்பளம் வாங்கினால் அது தவம் ஆகுமா? நான் வியாபாரி என்பதால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடலையை நிறுத்து, ஈரப்பதம் பார்த்து, கழிவு போக விலை பேசிவிடலாம். பராமரிப்பில் எதை நிறுப்பது? என் முடிவு இது: சம்பளம் நேரத்துக்கு. எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை வேளை மருந்து தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். முகம் சுளிக்காமல் செய்யவேண்டும் என்று எழுதி வாங்க முடியாது. எழுத முடியாத அந்தப் பகுதி அவர்கள் தருவது, நாம் விலை கொடுத்து வாங்காதது. அதைத் தவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் எல்லையில் தாக்குதல் நடந்தபோது, பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் தாம் பராமரித்த முதியவரை விட்டு ஓடாமல் கூடவே இருந்து உயிர்விட்டார் என்ற செய்தி வந்தது. கேரளப் பெண்கள் இருவர் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்று தம் பொறுப்பிலிருந்த முதியவர்களைக் காப்பாற்றினார்கள். ஆம், அப்போது இஸ்ரேலில் வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பாலோர் இந்த வேலைக்குப் போனவர்களே. அவர்களில் கேரளத்தவர் மிகுதி. செய்தியைப் படித்ததும் எனக்குச் செல்சியும் ஐசக்கும்தான் ஞாபகம் வந்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது?

குறைகள்

பாராட்டியதோடு நிறுத்தினால் விமரிசனம் ஆகாது. இரண்டு குறைகள் எனக்குப் பட்டன.

ஒன்று, கதை டெல் அவிவிலேயே நடப்பதால் ஊரில் விட்டுவந்த வீடு பெரும்பாலும் பேச்சளவில்தான் வருகிறது. ஒரு தாய் அயல்நாட்டுக் கிழவரைப் பார்க்கப் போகிறாள். அவள் பிள்ளையை ஊரில் இன்னொருத்தி பார்க்கிறாள். அந்த இன்னொருத்தியின் பிள்ளையை யார் பார்ப்பது? அமெரிக்க சமூகவியலாளர் அர்லி ஹோக்‌ஷீல்டு இதைப் பராமரிப்புச் சங்கிலி என்று 2000ல் எழுதினார். சங்கிலியின் நடுக்கண்ணியை நாடகம் நன்றாகக் காட்டுகிறது. கடைசிக் கண்ணி இருட்டில் இருக்கிறது.

இரண்டு, ஆட்டபாட்டக் காட்சிகளின் பளபளப்பு சில இடங்களில் கதையை விழுங்கிவிடுகிறது. இரவுக் காட்சிகளுக்கு விழுந்த கைதட்டல் பகல் வேலைக் காட்சிகளுக்கு விழவில்லை. படுக்கை விரிப்பு மாற்றுவதற்கு யார் கைதட்டுவார்கள் என்பீர்கள். அங்கே கைதட்ட வைத்திருந்தால் இந்த நாடகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

நம் வீட்டுக் கதை

என் தாயார் கடைசி இரண்டு வருஷம் எங்களோடு மும்பையில் படுக்கையாக இருந்தார். பார்த்துக்கொள்ள இரத்தினகிரிப் பக்கத்து அம்மாள் ஒருவர் வந்தார். நாங்கள் அவரை மௌஷி என்போம். தாயாருக்கு ஆற்காட்டுத் தமிழ் தவிர வேறு தெரியாது, மௌஷிக்கு மராத்தி மட்டும். "ஆஜி, ஊட்டா" என்று அவர் எழுப்புவார். "இரும்மா, இதோ எழுந்துக்கறேன்" என்று இவர் பதில் சொல்வார். தாயார் வெயில்பட்ட மல்லாட்டைக் கொல்லையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார், மௌஷி தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்வார். இருவருக்கும் ஒரு சொல் புரியாது. பேச்சு மட்டும் நிற்காது. மணிலாவில் மொழி தெரியாமலே நாடகம் எனக்குப் புரிந்ததென்றால், அதற்கு முன்பே வீட்டில் பாடம் கேட்டிருந்தேன் என்பதுதான் காரணம்.

இன்று நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் பாதிக்கு மேல் இதே நிலைமை. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பெற்றோர் இங்கே, அல்லது ஊரில். இடையில் ஓர் ஆயா, ஒரு மௌஷி, ஒரு மலையாள நர்ஸ். பிழைக்க வந்த நம்மைப் பார்த்துக்கொள்ள, பிழைக்க வந்த இன்னொருவர். நம் கூட்டங்களில் வந்தவர்களின் பெருமை பேசுகிறோம், தேவைதான். நம் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு கவிதை, ஒரு சிறுகதை இந்த மலரில் வந்ததாக நினைவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆண்டு விழாவில் வருஷாவருஷம் மாமியார் மருமகள் நகைச்சுவை நாடகம் போடுகிறோம். அடுத்த ஆண்டு நாடகப் போட்டிக்கு, முதியவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஒருவரைக் கதைத் தலைவியாக வைத்து எழுதவேண்டும் என்று அறிவியுங்கள். பாட்டும் இருக்கட்டும், சிரிப்பும் இருக்கட்டும், மேடையில் ஒருவர் படுக்கை விரிப்பும் மாற்றட்டும். முதல் பரிசுத் தொகையை அடியேன் ஏற்றுக்கொள்கிறேன். நாடகம் நடக்கும் அன்று உங்கள் வீட்டு மௌஷிக்கும் ஆயாவுக்கும் லீவு கொடுத்து, அரங்கத்துக்கு அழைத்து வந்து, முன்வரிசையில் உட்கார வையுங்கள்.